கல்லில் வெட்டத் துணிவோமா?

மூடிய கதவு ஒன்று. அதற்கு அப்பால் மேசையைச் சுற்றி நால்வர். இப்பால் நீண்ட மரப்பலகையில் இருபது பேர். ஒவ்வொருவர் மடியிலும் சான்றிதழ்கள் அடங்கிய ஒரு கோப்பு. பெயர் அழைக்கப்பட்டவர் எழுந்து உள்ளே செல்கிறார்; பத்து நிமிடங்களில் திரும்பி வருகிறார்; என்ன கேட்டார்கள் என்று மற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த நம் பாளையங்கோட்டையில் கோடைதோறும் காணக்கூடிய காட்சி இது. வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்தப் பலகையில் அமர்ந்திராதவர் நம்மில் அரியர். சிலருக்குக் கதவுக்கு அப்பாலுள்ள நாற்காலியில் அமரும் வாய்ப்பும் கிட்டியிருக்கிறது. பலகையில் காத்திருப்போரின் துயரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நாற்காலியில் அமர்ந்திருப்போரின் கடமையைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்ததில்லை.

ஒருவரை வேலைக்கு எடுப்பதும் மறுப்பதும் வெறும் நிருவாகச் செயல் என்று கருதுவோர் பலர். இருப்பது ஓரிடம், வந்தவர் இருபதின்மர், பத்தொன்பது பேரைத் திருப்பியனுப்பியே ஆகவேண்டும், இதில் பாவ புண்ணியத்திற்கு இடமேது என்பது அவர்கள் வாதம். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை அசைத்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுவதே நேர்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் தேர்வுக் குழுவில் நாமும் அமர்ந்திருந்தோம். தமிழாசிரியர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. பொருநைக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். மதிப்பெண்களில் குறையில்லை. பாடம் நடத்திக் காட்டச் சொன்னோம். தயங்கித் தொடங்கினாலும் தெளிவாகவே நடத்தினார். பிறகு வழக்கமான கேள்வி எழுந்தது: "அப்பா என்ன செய்கிறார்?" "அப்பா இல்லைங்க ஐயா, அம்மா பீடி சுற்றுகிறார்கள்" என்றார் அவர். மேசையைச் சுற்றி ஒரு நொடி அமைதி. எவரும் முகம் சுளிக்கவில்லை. தகாத சொல் எதுவும் பேசவில்லை. ஆயினும் அதன்பின் கேள்விகள் சுருங்கின. மதிப்பீட்டுத் தாளில் நாம் எழுதிய சொற்கள் இரண்டே: 'ஆளுமை போதாது.' இடையிடையே ஆங்கிலம் கலந்து சரளமாகப் பேசிய, நகரத்தில் வளர்ந்த மற்றொருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரு வாரங்கள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எவரையும் அவர் பழித்திருக்கவில்லை. அடுத்த நேர்காணலுக்கு முன் தாம் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒருவரி தெரிவித்தால் நன்றியுடையவராக இருப்பதாக மட்டும் எழுதியிருந்தார். பதில் எழுத அமர்ந்தோம். எழுத இயலவில்லை. பாட அறிவில் குறையா? இல்லை. உச்சரிப்பில்? இல்லை. மாணவரை நடத்தும் முறையில்? அதுவும் இல்லை. அப்படியாயின் 'ஆளுமை போதாது' என்று நாம் எழுதியதன் பொருள்தான் என்ன? நமக்கே விளங்கவில்லை, அல்லது, விளங்கியதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தோம். பதில் செல்லவில்லை.

இந்த உறுத்தலோடு இருந்த நாள்களில்தான் நம் வட்டாரத்துக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி மீண்டும் படிக்க நேர்ந்தது. நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது மானூர். அங்குள்ள சிவன் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 800-ஐ ஒட்டி, ஊர்ச்சபையார் தம் முடிவு ஒன்றைக் கல்லில் பொறித்து வைத்தனர். சபையில் பங்கேற்கத் தகுதியுடையவர் யார் என்பதே அதன் பொருள். நிலப்பங்கு இருந்தால் மட்டும் போதாது, நல்லொழுக்கம் வேண்டும், வரையறுத்த அளவு வேதக் கல்வி வேண்டும். விலைக்கு வாங்கிப் பங்குடையவரானோருக்கு இன்னும் கூடுதலான கல்வி வேண்டும். தகுதி நிரம்பாதோர் எந்த வாரியத்திலும் அமரலாகாது. சபையில் இடம்பெற்றபின் எதற்கெடுத்தாலும் மறுப்புரைத்துக் காரியத்தைத் தடுப்போருக்கு ஐந்து காசு தண்டம். பாடநூல்கள் போற்றும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் எழுந்தவை. அவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது நம் மானூர்க் கல்.

இக்கல் நமக்கு இரு பாடங்களைப் புகட்டுகிறது. முதலாவது, விதியை வெளிப்படையாக வைக்க அவ்வூரார் அஞ்சவில்லை. எழுத்தறிந்தோர் படிக்கலாம், அறியாதோர் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். விலக்கப்பட்டவர் தாம் எதனால் விலக்கப்பட்டோம் என்பதை அறிவார். விலக்கியவரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவர். தடம் மாறினால் அவருக்கும் தண்டம் உண்டு. இரண்டாவது பாடம் கசப்பானது. அவ்வூர் ஒரு பிரமதேயம், சபை அந்தணருடையது. வயலை உழுதவர், மடை திறந்து நீர் பாய்ச்சியவர், நாற்று நட்ட பெண்கள் ஆகிய எவருக்கும் அந்தச் சபையில் இடமில்லை. கல்லில் எழுதிவிட்டதால் அநீதி நீதியாகிவிடாது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. எழுதி வைத்ததனால்தான் 1200 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதைப் படித்து, இது முறையன்று என்று நாம் சொல்ல முடிகிறது. எழுதப்படாத அநீதியை எவர் படித்து எவர் கேட்பது?

இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கிறது. ஒருவரை நாம் எந்தக் காரணத்தால் மறுக்கிறோமோ, அந்தக் காரணத்தை ஊரறியக் கல்லில் வெட்டி, நம் நிறுவனத்தின் வாயிலில் நட்டுவைக்கத் துணிவோமா? துணிவோமெனில் அது தவறாகவே இருப்பினும் பிறர் திருத்தக்கூடியது. துணியோமெனில் அக்காரணத்தால் ஒருவரை மறுக்க நமக்கு உரிமையில்லை. அன்று நம் மேசையில் செயல்பட்ட விதியை உள்ளது உள்ளபடி வெட்டினால், 'பீடி சுற்றுபவரின் மகள் இப்பள்ளிக்கு ஆகாது' என்றுதான் வெட்டவேண்டியிருக்கும். அவ்வாறு எழுத நம் கை துணியாது. அவ்வாறு நடக்க மட்டும் துணிந்தது!

விவிலியம் இம்மயக்கத்தை நன்கு அறியும். பெத்லகேமில் ஈசாயின் வீட்டிற்குச் சென்ற சாமுவேல், மூத்தவனாகிய எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்ட அளவிலேயே முடிவுசெய்துவிடுகிறார் (1 சாமு 16). ஆண்டவர் அவரைத் தடுத்து, மனிதர் முகத்தைப் பார்க்கின்றனர், தாமோ அகத்தைப் பார்ப்பதாக உணர்த்துகிறார். தவறியவர் சாதாரண மனிதர் அல்லர், இறைவாக்கினர் என்பதை நாம் கருதவேண்டும். கருதவேண்டிய மற்றொன்றும் உண்டு. தாவீது அந்த வரிசையிலேயே நிறுத்தப்படவில்லை. அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அழைக்க வேண்டியதில்லை என்று எண்ணியவர் பெற்ற தந்தையே. இன்னும் ஒருவன் இருக்கிறானா என்று சாமுவேல் கேட்டிராவிடில் அந்தப் பெயர் எவர் காதிலும் விழுந்திராது.

கதவுக்கு முன்னே மறுக்கப்பட்டவர்களைவிட, கதவருகே வரவே அழைக்கப்படாதவர் மிகப் பலர். பொருளியல் அறிஞர் சுகதேவ் தொராட்டும், சமூகவியலாளர் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நாளிதழ்களில் விளம்பரம் செய்த தனியார் நிறுவனங்களுக்கு, ஒத்த கல்வித் தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தனர். மாறியது பெயர் மட்டுமே. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரு பங்காகவும், இசுலாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே காலத்தில் சுரீந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் வடஇந்திய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகளைச் சந்தித்து உரையாடினர். திறமை ஒன்றையே பார்ப்பதாகக் கூறிய அதே அதிகாரிகள், விண்ணப்பித்தவரின் குடும்பப் பின்னணியையும் இன்றியமையாததாகக் கருதினர். தந்தையின் தொழில் என்ன, வளர்ந்த இடம் எது என்ற கேள்விகள் அவர்களுக்கு இயல்பானவையாகவே தோன்றின. "அப்பா என்ன செய்கிறார்?" என்ற நம் கேள்வி பாளையங்கோட்டையில் மட்டும் கேட்கப்படுவதன்று.

பணத்தின் செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்தில் பொருநை நீரின் விசைகொண்டு நூற்பாலை எழுந்தபோது, வயலை மட்டுமே நம்பியிருந்த இந்தப் பள்ளத்தாக்கில் மாதச் சம்பளம் என்னும் புதிய வாழ்வு பிறந்தது. அக்காலத்தில் இந்திய ஆலைகள் பலவற்றில் ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரிமார் கையில் இருந்தது. வேலை வேண்டுவோர் அவர்களுக்குக் கையூட்டு அளிக்கவேண்டியிருந்தது. வேலையில் நீடிக்கவும் அளிக்கவேண்டியிருந்தது. இதை ஆராய்ந்த அரச தொழிலாளர் ஆணையம், 1931-இல் அளித்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. மேஸ்திரி மறைந்தார், மேஸ்திரித்தனம் மறைந்ததா? நடுவண் அரசு தன் கடைநிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 சனவரி முதல் நேர்காணலையே நீக்கிவிட்டது. பரிந்துரைக்கும் கையூட்டுக்கும் நேர்காணல் வாயிலாகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மனிதர் பார்த்தால் சாய்வு வரும். பொறி பார்த்தால் வராது என்போர் உண்டு. இன்று பெருநிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது கணினியே. அமேசான் நிறுவனம் அத்தகைய கருவி ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அதைப் பயிற்றினர். அவற்றுள் பெரும்பாலானவை ஆடவருடையவை. விளைவாக, பெண்கள் என்ற சொல் காணப்பட்ட விண்ணப்பங்களைத் தாழ்வாக மதிப்பிடக் கருவி தானே கற்றுக்கொண்டது. குறையை உணர்ந்த நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது என்ற செய்தி 2018-இல் வெளியாயிற்று. நம் பழைய தீர்ப்புகளைத்தான் பொறி மனப்பாடம் செய்கிறது. மேஸ்திரியிடமாவது, ஏன் என்னை எடுக்கவில்லை என்று கேட்கலாம். விடை பொய்யாக இருக்கலாம், ஆனால் கேட்க ஒரு முகம் இருந்தது. பொறியின் விதியோ அதைப் பயன்படுத்துவோருக்கே முழுதும் விளங்குவதில்லை. மானூர்ச் சபையார் தம் விதியைக் கல்லில் வெட்டினர். நாமோ, நமக்கே படிக்கத் தெரியாத விதியின்படி மனிதரைத் திருப்பியனுப்பத் தொடங்கியிருக்கிறோம்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். தேர்வு இன்றி எந்த நிறுவனமும் இயங்காது. இரக்கத்தின் பேரில் தகுதியற்ற ஒருவரை ஆசிரியராக அமர்த்தினால், அந்த இரக்கத்தின் விலையை முப்பது ஆண்டுகள் மாணவர் செலுத்தவேண்டும். மருத்துவமனையில் அமர்த்தினால் உயிரே விலையாகலாம். இது மெய். வள்ளுவரும் இரக்கத்தை அளவுகோலாக்கவில்லை. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரு அதிகாரங்களிலும், குணமும் குற்றமும் நாடவேண்டும், அன்பு காரணமாகத் தகுதியற்றோரைத் தேறலாகாது, ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்றே வலியுறுத்துகிறார். ஆராய்ந்து பார்ப்பது அன்புக்கு எதிரானதன்று. எதை ஆராய்கிறோம் என்பதே வினா. வேலைக்கு வேண்டியதை ஆராய்வது கடமை. வேலைக்கு வேண்டாததை ஆராய்வது வம்பு. அதைக்கொண்டு தீர்ப்பிடுவது அநீதி.

வேலைக்கு எது வேண்டும் என்பதிலும் நாம் பழக்கத்தின் அடிமைகளே. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ நிறுவனம் மென்பொருள் அலுவலகம் நடத்திவருகிறது. கல்லூரிப் பட்டம் பெறாத இளைஞரைத் தேர்ந்து, உதவித்தொகை வழங்கிப் பயிற்றி, பணியில் அமர்த்தும் திட்டத்தை அந்நிறுவனம் 2004-இலேயே தொடங்கியிருந்தது. பட்டமும் மதிப்பெண்ணும் பணித்திறனைத் துல்லியமாகக் காட்டுவதில்லை என்ற பட்டறிவே அதற்கு அடிப்படை. ஒரு நிறுவனத்தின் முயற்சியை எல்லாருக்கும் பொதுவிதியாக்க இயலாது. ஆயினும் தவிர்க்க முடியாதது என்று நாம் நம்பிய ஒரு வேலி, தவிர்க்கக் கூடியதே என்பதை இது காட்டுகிறது.

மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில் புனிதரான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பின் மதிப்பு செய்யப்படும் வேலையின் வகையிலன்று, அதைச் செய்பவர் ஒரு மனித ஆள் என்பதில் உள்ளது என்று கற்பித்தார். இதன் பொருளை நேர்காணல் மேசைக்குக் கொண்டுவருவோம். இவ்வேலைக்கு இவர் பொருந்துவாரா என்பதை மட்டுமே நாம் அளக்கிறோம். இவருடைய மதிப்பை அளக்கும் அதிகாரம் நமக்கு வழங்கப்படவில்லை. 'இப்பாடத்தில் இன்னும் பயிற்சி வேண்டும்' என்பது முதல்வகைத் தீர்ப்பு. 'ஆளுமை போதாது' என்பது இரண்டாம் வகை. முன்னதைக் கேட்டவர் வீட்டிற்குச் சென்று படிப்பார். பின்னதைக் கேட்டவர் எங்கே செல்வார்?

யூதாசின் இடத்தை நிரப்ப ஒருவரைத் தேர்ந்த நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் நூல் முதல் அதிகாரத்திலேயே கூறுகிறது. அங்கே முறை தெளிவாக உள்ளது. முதலில் பேதுரு எல்லார் முன்னிலையிலும் தகுதியைச் சொல்கிறார்: யோவானின் திருமுழுக்கு முதல் ஆண்டவர் விண்ணேறியது வரை உடனிருந்தவராக வேண்டும். இருவர் முன்னிறுத்தப்படுகின்றனர். சபை மன்றாடுகிறது. பின் சீட்டுக் குலுக்குகின்றனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. உத்திரமேரூரிலும் இதே ஒழுங்கு: வயது, நிலம், கல்வி, நேர்மை என்று தகுதிகளை முதலில் வரையறுத்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். இரண்டு இடங்களிலும் ஒரு பணிவு தெரிகிறது. தகுதியை மனிதர் காணலாம். தகுதியுடையோருள் எவர் சிறந்தவர் என்று சொல்ல நம் கண்ணுக்குக் கூர்மை போதாது என்ற பணிவு அது.

மத்தியாவை நாம் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். மற்றவர் என்ன ஆனார்? பர்சபா எனப்பட்ட யோசேப்பு. யுஸ்து என்பதும் அவர் பெயர். இந்நிகழ்ச்சிக்குப் பின் அவரைப் பற்றி விவிலியம் எதுவும் கூறவில்லை. ஆனால் அவர் குறையுள்ளவர் என்று எவரும் சொல்லவில்லை. இருந்தது ஓரிடம், அது மற்றவருக்குச் சென்றது, அவ்வளவே. அவருடைய பெயரையும் மறைக்காமல் லூக்கா எழுதி வைத்தாரே, அதுவே தேர்ந்தெடுக்கப்படாதவருக்குத் திருச்சபை செய்த முதல் மரியாதை எனலாம்.

இந்த மரியாதை இன்று நம் நிறுவனங்களில் நிலவுகிறதா? சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30-ஆம் உறுப்பு நமக்கு அளித்திருக்கிறது. ஆசிரியரை நியமிப்பதும் அவ்வுரிமையின் பகுதியே என்பதை உச்ச நீதிமன்றம் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் ஏற்றுக்கொண்டது. உதவிபெறும் பள்ளிகளில் சம்பளம் தருவது அரசு. ஆளைத் தேர்வது நாம். மக்கள் பணத்தில் நாம் தேர்கிறோம் என்றால், மக்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமையும் நமக்கு இரு மடங்காகிறது. ஆயினும் பலகையில் காத்திருப்போர் தமக்குள் பேசிக்கொள்வதை நாம் அறியாதவர்கள் அல்லர். யாருடைய கடிதம் வேண்டும், எந்தச் சாதிக்கு எந்தப் பள்ளி, எவ்வளவு 'நன்கொடை' என்ற பேச்சுகள் எல்லாம் பொய்யாயிருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் அவை நம்பப்படுவதே ஒரு நோயின் அறிகுறி அன்றோ? சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் உண்டு என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பாவத்திற்குப் பரிகாரம் எங்கே தொடங்கும்? நியமன ஆணை தட்டச்சாகும் மேசையிலன்றி வேறெங்கே?

பெரிய சீர்திருத்தங்களுக்காகக் காத்திராமல் நாற்காலியில் அமரும் நாமே செய்யக்கூடியவை சில உண்டு. தகுதிகளை முன்கூட்டியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அதில் எழுதாத எதையும் உள்ளே கேட்காதிருக்கலாம். பெயரும் ஊரும் தந்தையின் தொழிலும் மறைத்த தாளை முதலில் மதிப்பிடலாம். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். இவை அனைத்திற்கும் மேலாக, மறுக்கப்பட்டவர் காரணம் கேட்டால் ஒருவரியேனும் பதில் எழுதலாம். அந்த ஒருவரியை எழுத முடியாவிட்டால் நம் தீர்ப்பை நாமே மறுபடி பார்க்கவேண்டும் என்பதே பொருள்.

நமது இழுப்பறையில் அந்தப் பெண்ணின் கடிதம் இன்னும் இருக்கிறது. அதே முகவரியில் அவர் இருக்கிறாரோ, எங்கேனும் ஒரு வகுப்பறையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருக்கிறாரோ, அறியோம். காலம் கடந்த பதிலொன்றை இவ்வாரம் எழுதி அனுப்பினோம். "அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது எதுவும் அன்று இருக்கவில்லை. பிழை எங்களுடையது. மன்னியுங்கள்."